முக்காற்புள்ளியாகிப்போன கணிப்பொறி

மறைந்த நம் பேராசிரியரின் வகுப்புரைகளைத் தொகுத்து நூலாக்கும் பணியில் கடந்த ஓராண்டாக ஈடுபட்டிருந்தோம். மெய்ப்புப் பார்த்து முடித்து அச்சகத்துக்கு அனுப்பவிருந்த வேளையில் மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த நாம் ஆறு மாத உழைப்பை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் காரணம் ஒரு சின்னஞ்சிறு படம். பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றின் கோட்டுப்படம். ஓர் எழுத்தின் உயரமே கொண்ட அப்படம் ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது என்னென்னவாக உருமாறுகிறது என்பதையும், அதனால் நாம் செய்யவிருந்த பெரும்பிழையையும் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராசிரியர் 1998இல் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் பெற்றுக் கணிப்பொறி வாங்கினார். தமிழ்த்துறையில் அந்நாளில் அது ஒரு செய்தி. கீழே தட்டையான பெட்டி, அதன்மேல் தொலைக்காட்சியை ஒத்த திரை, முன்னே விசைப்பலகை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துக்கு அவர் கையெழுத்தில் வைத்திருந்த வகுப்புக் குறிப்புகளை இரண்டே விரல்களால் மெல்ல மெல்லத் தட்டச்சு செய்து நெகிழ்வட்டுகளில் சேமித்தார். 2002 முதல் 2004 வரை நாம் அவரிடம் முதுகலை பயின்றபோது, புள்ளி அச்சுப்பொறியில் எடுத்த அத்தாள்களை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார். தாள்களில் ஆங்காங்கே சிறு கணிப்பொறிப் படம் ஒன்று தென்படும். புதிதாய் வாங்கிய பொருளின்மேல் மனிதருக்கு இருக்கும் ஆசை என்று நமக்குள் சிரித்துக்கொண்டோம். அதை அலங்காரம் என்றே இருபது ஆண்டுகளாக எண்ணியிருந்தோம்.

அவர் மறைந்தபின் அவர் துணைவியார், நாம் அம்மா என்றே அழைப்பவர், ஒரு பிஸ்கட் தகர டப்பாவை நம்மிடம் கொடுத்தார். உள்ளே இருபத்து மூன்று நெகிழ்வட்டுகள். யூஎஸ்பி வழி இணைக்கும் வட்டு இயக்கி ஒன்றை வாங்கி ஒவ்வொன்றாய்ப் படித்தோம். பத்தொன்பது படித்தன, நான்கு படிக்கவில்லை. அந்நான்கிலும் இருந்த உரைகளை அவர் 2001 வாக்கில் நண்பர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். நண்பர் அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது நம் நற்பேறு. எல்லாவற்றையும் ஒரே வெற்றுரைக் கோப்பாக்கி, பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் நிரலில் இட்டோம். தமிழ் பளிச்சென்று வந்தது. இடையிடையே முக்காற்புள்ளிகள் சற்று மிகுதியாகத் தெரிந்தன. பேராசிரியரின் நடை அப்படி என்று விட்டுவிட்டோம்.

மெய்ப்பை நம்முடன் பார்த்தவர்களுள் ஒருவர் பார்வை மாற்றுத்திறனாளியான மாணவர். திரை வாசிப்பான் நிரலின் துணையால் முழுநூலையும் காதால் கேட்டுப் பிழை சொன்னார். ஒருநாள் வந்து, "ஐயா, ஓலையில் புள்ளி விடுபட்டது எழுதுவோனின் சோம்பலால் அன்று, படிப்போன் தமிழறிந்தவன் என்ற நம்பிக்கையால் என்று நச்சினார்க்கினியர் சொல்வதாக வருகிறதே, எந்த நூற்பாவின் உரையில் ஐயா? நூன்மரபு உரையை இரண்டு முறை கேட்டுவிட்டேன், அப்படி ஒரு வரி இல்லை" என்றார்.

எடுத்துப் பார்த்தோம். "நச்சினார்க்கினியர் உரை காண்க" என்ற தொடர், அடுத்து முக்காற்புள்ளி, அடுத்து அவ்வாக்கியம். படிக்கும் எவரும் அதை உரையாசிரியரின் கூற்றாகத்தான் கொள்வர். உரையைப் புரட்டினோம். மாணவர் சொன்னது சரி. அங்கு அப்படி ஒரு கருத்தே இல்லை. பேராசிரியர் இல்லாததை இருப்பதாக எழுதுபவர் அல்லர். மேற்கோள் ஒன்றில் ஒற்று மிகுந்துவிட்டாலும் வகுப்பை நிறுத்தித் திருத்துபவர் அவர்.

அன்று மாலை அம்மாவின் வீட்டுக்குச் சென்று பழைய கையெழுத்துக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிவந்தோம். அதே தொடர், அதே வாக்கியம். இரண்டுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு சிறு வட்டம். முதல் ஏட்டின் உள்ளட்டையில் குறிவிளக்கம்: சிவப்பு வட்டத்துக்குப் பின் வருவது என் கருத்து. வகுப்பில் அவர் அடிக்கடி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: "ஏட்டுல இருக்கிறது ஏட்டோட. பெட்டி முன்னால உட்கார்ந்தப்ப எனக்குத் தோணினது என்னோட. ரெண்டும் கலந்துடக் கூடாது தம்பி." கறுப்பு மட்டுமே அச்சிடும் பொறியில் சிவப்பு வட்டத்துக்கு இடமில்லை. அதற்கு மாற்றாக அவர் தேர்ந்துகொண்ட குறிதான் அக்கணிப்பொறி. அது நம் கையில் முக்காற்புள்ளியாகிவிட்டது. ஆசிரியர் கூற்றையும் உரையாசிரியர் கூற்றையும் பிரித்துநின்ற வேலி, இரண்டையும் இணைக்கும் பாலமாக மாறிவிட்டது.

*

இது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்து என்பது எண். பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள். அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் உரியது. தமிழ் எழுத்துரு செய்தோர் அந்த இடங்களில் ஆங்கில வடிவுகளை நீக்கிவிட்டுத் தமிழ் வடிவுகளை வைத்தனர். திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தின் எண். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தோன்றும். "எழுத்துருவை மாற்றிப் பார்க்கவும்" என்று மின்னஞ்சலின் தலையில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய காலம் நண்பர்களுக்கு நினைவிருக்கும்.

பேராசிரியர் பயன்படுத்திய கணிப்பொறிப் படம் விங்டிங்ஸ் எழுத்துருவைச் சேர்ந்தது. சார்லஸ் பிகெலோ, கிரிஸ் ஹோம்ஸ் ஆகியோர் வரைந்த குறிகளைக் கொண்டு உருவாகி, 1992இல் விண்டோஸ் 3.1 உடன் பரவலாக வந்தது அது. நம் தமிழ் எழுத்துருக்கள் செய்ததையே அதுவும் செய்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் படங்களை வைத்தது. முக்காற்புள்ளியின் இடத்தில் கணிப்பொறி. அரைப்புள்ளியின் இடத்தில் நிலைவட்டு. ஆறு என்னும் எண்ணின் இடத்தில் மணற்கடிகாரம். ஆங்கில எழுத்தான ஜேயின் இடத்தில் நகைக்கும் முகம். அலுவலக மின்னஞ்சல்களின் முடிவில் காரணமின்றி ஒற்றை ஜே நிற்பதைக் கண்டு பலர் திகைத்ததுண்டு. அனுப்பியவர் சிரித்தது, வழியில் எழுத்துருவைத் தொலைத்துவிட்டு ஜேயாக வந்து சேர்ந்தது.

ஆக, நாம் வெற்றுரையாக மாற்றிய நொடியில் எழுத்துருவின் பெயர்கள் யாவும் உதிர்ந்துவிட்டன. மாற்றுநிரல் தமிழ் எழுத்துருவின் அடைவை அறியும், விங்டிங்ஸை அறியாது. முக்காற்புள்ளியின் எண்ணைக் கண்டது, முக்காற்புள்ளியை வைத்தது. நிரலின்மேல் குற்றமில்லை. அலங்காரம் என்று எண்ணி ஒரு குறியின் பொருளைக் கேளாதிருந்த நம்மேல்தான் குற்றம்.

நல்லவேளையாக மூலக்கோப்புகளை அழிக்கவில்லை. அவற்றில் ஒவ்வொரு தொடருடனும் அதன் எழுத்துருப் பெயரும் பதிவாகியிருந்தது. விங்டிங்ஸில் அமைந்த முக்காற்புள்ளிகளை மட்டும் தேடி எடுத்து, அங்கெல்லாம் பழைய கணிப்பொறிக் குறியை மீண்டும் வைக்கத் தொடங்கினோம். இம்முறை எழுத்துருவை நம்பவில்லை, எண்ணை நம்பினோம்.

*

ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. பழைய கணிப்பொறி 2014இல் வெளியான 7.0 பதிப்பில், விங்டிங்ஸின் பிற குறிகளோடு சேர்ந்து வந்தது. பழைய தனியாள் கணிப்பொறி என்பதே ஆங்கிலத்தில் அதன் முறையான பெயர். பதின்ம முறையில் அதன் எண் 128435. இணையப் பக்கத்தில் &#128435; என்று எழுதினால் போதும். இனி அது முக்காற்புள்ளியாக மாற வழியில்லை. எந்தச் செயலியிலும் அதன் எண் அதுவே. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினோம், தீரவில்லை.

முதலில், துறையின் இணையப் பக்கத்தில் ஓர் உரையை முன்னோட்டமாக ஏற்றினோம். முதற்குறி வரை கட்டுரை இருந்தது. அதற்குப் பின் ஒரு சொல்கூட இல்லை. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு, தமிழ் எழுத்து மூன்று பைட்டு, 65535க்கு மேற்பட்ட எண்ணுடைய குறி நான்கு பைட்டு. மூன்றுக்குமேல் ஏற்காதபடி அமைந்த பழைய தரவுத்தளம் நான்காவதைக் கண்ட இடத்தில் உரையைத் துண்டித்துவிட்டது. தமிழ் மட்டும் இருந்தவரை இக்குறை வெளிப்படவே இல்லை. அமைப்பை மாற்றியபின் சரியாயிற்று.

அடுத்து, கைப்பேசிச் செய்தியில் அனுப்பிப் பார்த்தோம். சிலருக்குக் குறி தெரிந்தது. சிலருக்கு வெற்றுக் கட்டம். எண் சரியாகச் சென்றடைந்தாலும் அக்கருவியில் அவ்வெண்ணுக்கு வடிவம் தரும் எழுத்துரு இல்லையெனில் கட்டம்தான் வரும். அக்கட்டத்தை ஆங்கிலத்தில் டோஃபு என்பர். அது இல்லாமற்போக வேண்டும் என்ற பொருளில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது. நோட்டோ சான்ஸ் சிம்பல்ஸ் 2 என்னும் எழுத்துருவில் நம் கணிப்பொறி உண்டு. அச்சுக்கும் பிடிஎஃப் கோப்புக்கும் அதை உட்பொதித்துவிட்டோம். அவ்வகையில் நூலுக்குக் கவலையில்லை.

நண்பர் ஒருவர், "இதற்கேன் இத்தனை பாடு? எல்லாக் கைப்பேசியிலும் வண்ணக் கணிப்பொறிப் படம் இருக்கிறதே, அதைப் போடுங்கள்" என்றார். அவர் சொன்னது 128421 என்னும் மேசைக் கணிப்பொறி. அது எமோஜியாகவும் ஏற்கப்பட்ட குறி. அதன்பின் 65039 என்னும் கண்ணுக்குத் தெரியாத குறியை வைத்தால் வண்ணப்படமாகவும், 65038ஐ வைத்தால் எழுத்துபோன்ற கறுப்பு வடிவமாகவும் தோன்ற வேண்டும் என்பது விதி. எல்லாச் செயலியும் அவ்விதியைப் பேணுவதில்லை. மேலும் வண்ண வடிவம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. இலக்கண உரையின் நடுவே பளபளக்கும் புதுக் கணிப்பொறி வந்து நிற்பது பேராசிரியருக்கு உவப்பாயிராது என்று நமக்குத் தோன்றிற்று. பழைய கணிப்பொறி எமோஜி ஆக்கப்படவில்லை. அது எழுத்தாகவே நிற்கிறது. அதன் அழகும் அதுவே, அதன் இடர்ப்பாடும் அதுவே.

மாணவர்களுக்கு அறிவிப்பு அனுப்பும்போது மற்றொன்றும் கண்டோம். ஆங்கில எழுத்துகளால் மட்டும் அமைந்த குறுஞ்செய்திக்கு 160 இடங்கள். அதில் இக்குறி ஒன்றைச் சேர்த்தவுடன் செய்தி முழுவதும் வேறு குறியேற்றத்துக்கு மாறி 70 இடங்களாகச் சுருங்கிவிடும்; குறி தனக்கென இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளும். தமிழில் குறுஞ்செய்தி எழுதுவோர் அந்த 70க்குள் வாழப் பழகியவர்களே.

இக்குறியின் தெருவில் நம் உறவினரும் சிலர் குடியிருக்கின்றனர். முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்கள், அளவைக் குறிகள் என 51 குறிகள் 2019இல் வெளியான 12.0 பதிப்பில் சேர்ந்தன. அத்தொகுதியின் தொடக்க எண் 73664. அங்கிருப்பது முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி. அவையும் நான்கு பைட்டுக்காரர்கள். எழுத்துரு இல்லாக் கைப்பேசியில் அவையும் கட்டம். பழைய கணிப்பொறி நம் முந்திரிக்கு ஐந்தாண்டு முன்னரே எண் பெற்றுவிட்டது என்பதை எண்ணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

*

திருத்திய படியை அம்மாணவரிடம் மீண்டும் கொடுத்தோம். மறுநாள் வந்தவர், "ஐயா, சில இடங்களில் வாசிப்பான் நடுவே ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொல்கிறது. கைப்பேசியில் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடுகிறது" என்றார். அவருக்குப் படம் இல்லை, பெயர் மட்டும்தான். அப்பெயரும் தமிழில் இல்லை. சில கருவிகளில் அதுவும் இல்லை. கட்புலனை மட்டும் நம்பி வைத்த குறி, முதன்முதலில் பிழையைக் கண்டுபிடித்தவருக்கே பயன்படாமற்போனது.

அதே வாரத்தில் அம்மாவின் கைப்பேசிக்கு ஓர் உரையை அனுப்பியிருந்தோம். மாலையில் அழைத்தார்.

"தம்பி, படிச்சேன். அவரு பேசுற மாதிரியே இருக்கு. சில இடத்துல மட்டும் வெறும் கட்டமா வருதே, எழுத்து ஏதும் விட்டுப்போச்சா?"

"இல்லைங்கம்மா. அங்க ஐயாவோட கம்ப்யூட்டர் படம் வரணும். உங்க போன்ல அது இல்லை."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுவும் ஒரு பொட்டியாத்தானே இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அம்மாவுக்கு அது போதும். மாணவருக்குப் போதாது, நாளை இவ்வுரைகளைப் படிக்கப்போகும் அறிமுகமற்ற வாசகருக்கும் போதாது. எனவே ஒரு முடிவுக்கு வந்தோம். குறி இருக்கும், ஒவ்வொரு குறியை அடுத்தும் "ஆசிரியர் கருத்து" என்ற இரு சொற்களும் அடைப்புக்குள் இருக்கும். முகப்பில் குறிவிளக்கம் இருக்கும். கோப்பின் பெயரிலும் மின்னஞ்சலின் தலைப்பிலும் குறியை வைப்பதில்லை. குறி கட்டமானாலும், மௌனமானாலும், அறவே மறைந்தாலும் சொல் எஞ்சும். இரண்டு தமிழ்ச் சொற்கள் எந்தச் செயலியையும் கடந்துவிடும் என்பது இருபதாண்டுகளுக்கு முன் நினைத்தும் பார்க்க முடியாத வசதி.

பக்கத்தின் அழகு சற்றுக் குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம். குறியும் சொல்லும் அருகருகே நிற்பது கூறியது கூறல் ஆகாதா என்றும் ஐயம் எழுந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியர் விதித்தார். ஓலையில் எழுதியோர் அதை விட்டனர். படித்தோர் தம் தமிழறிவால் இட்டு நிரப்பினர். பேராசிரியரின் அந்த வாக்கியம் சொல்வதும் இதைத்தான். அந்த நம்பிக்கை எல்லாவிடத்தும் பலிக்கவில்லை. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் ஆகியவற்றைப் பிரித்தறிவதில் சுவடிகள் தரும் இடர்ப்பாட்டைப் பதிப்பாளர் அறிவர். நம் நூலில் அந்த இடரை அடுத்தவர்மேல் சுமத்த நமக்கு மனமில்லை.

இறுதியாக ஒரு குறை. படிக்க இயலாத நான்கு நெகிழ்வட்டுகளின் உரைகளுக்கு மின்னஞ்சல் படி மட்டுமே உள்ளது. அதில் எழுத்துருப் பெயர்கள் இல்லை, எல்லாம் முக்காற்புள்ளியே. அவ்வுரைகள் அவர் நேரே கணிப்பொறியில் இயற்றியவை. கையெழுத்துப் படியும் இல்லை. ஐயத்துக்குரிய இடங்கள் முப்பத்தொன்று. இளம்பூரணர், நச்சினார்க்கினியர் உரைகளோடு ஒப்பிட்டு இருபத்திரண்டைத் தீர்த்துவிட்டோம். ஒன்பது இடங்களில் பேசுவது உரையாசிரியரா, பிறிதொரு நூலா, நம் பேராசிரியரா என்று துணிய இயலவில்லை. அவ்விடங்களில் "கூற்று யாருடையது எனத் தெளியவில்லை" என்று அடிக்குறிப்பு இட்டு அச்சுக்கு அனுப்பவிருக்கிறோம்.

அந்நாளில் அவரிடம் மொழிமரபும் பிறப்பியலும் கேட்ட நண்பர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், பழைய அச்சுத்தாள்களைப் பரணில் தேடிப் பாருங்கள். வரிகளுக்கு நடுவே மங்கலாக ஒரு சிறு கணிப்பொறி தெரிந்தால் அதற்குப் பின் வரும் வாக்கியத்தை நமக்கு எழுதி அனுப்புங்கள். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் அவர் சொல் அவரிடம் சேரும்.